பதின்மூன்று கிராம் எஃகு

இரண்டு தகடா, மூன்று தகடா? சென்ற ஆண்டு ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை எங்கள் வீட்டில் இதே பேச்சுதான். சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மகளுக்கு எட்டாத உயரத்தில், மூடி போட்ட ஒரு டப்பாவுக்குள் ஐந்து வகை அம்புமுனைகள் இருந்தன. பக்கத்திலேயே சீரகமும் சோம்பும். தாளிக்க எடுக்கும்போதெல்லாம் மனைவி, “என்னங்க, எதுன்னு முடிவாச்சா?” என்பார். மூன்று மாதமும் என் பதில் ஒன்றுதான்: இன்னும் இல்லை.

கொஞ்சம் முன்னாலிருந்து சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். சிறுவயதில் லாஸ்டிக் அடித்ததோடு என் வேட்டை அனுபவம் முடிந்தது. வேலைக்காக அமெரிக்கா வந்து, கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் பம்பு வடிவமைக்கும் பொறியாளராக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர். கப்பியும் கம்பியும் வைத்த நவீன வில்லைத் தொடமாட்டார். மரத்தாலான வளைவில்தான். நாற்பது ஆண்டுகளாக அதில்தான் எல்க் மான் வேட்டை. குளிர்காலம் வந்தால் எங்கள் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் இறைச்சி வரும். மனைவி அதை மிளகுப் பிரட்டல் செய்து திருப்பிக் கொடுத்து அனுப்புவார். அந்தப் பழக்கத்தில்தான் நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் வீட்டுப் பின்புறத்தில் நானும் வில் பிடிக்கத் தொடங்கினேன். சென்ற செப்டம்பரில் முதன்முறையாக அவரோடு மலைக்குப் போவது என்று முடிவானது.

முடிவான அன்று மனைவி ஒரு நிபந்தனை போட்டார். “நாம கோழி சாப்பிடுறோம், ஆடு சாப்பிடுறோம். அதனால கொல்லக் கூடாதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அம்பை உடம்புல வச்சிக்கிட்டு அது மூணு நாளு காட்டுல அலைஞ்சு சாகும்னா, நீங்க போகவே வேணாம்.”

வேட்டையில் நூற்றுக்கு நூறு உறுதியை யாராலும் கொடுக்க முடியாது. ஆனால் அதற்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பதில் பெரும்பகுதி நம் கையில்தான் இருக்கிறது. டப்பாவுக்குள் ஐந்து வகை முனைகள் சேர்ந்தது அப்படித்தான்.

எல்க் நம் ஊர் ரூசாவுக்கு உறவுக்காரன். ஆனால் உடம்பில் அதைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் 320 கிலோ, பெண் 225 கிலோ அளவில் இருக்கும். அமெரிக்க மாநிலங்களிலேயே எல்க் அதிகம் இருப்பது கொலராடோவில். செப்டம்பர் அதன் இணைசேரும் காலம். ஆண் மான் குழலூதுவதுபோல் கூவி, அடித்தொண்டையில் உறுமி முடிக்கும். முதல்முறை கேட்டால் மானின் குரல் என்று நம்ப முடியாது. வில் வேட்டைக்கு அரசு ஒதுக்கியிருக்கும் மாதமும் அதுதான்.

இப்போது அம்பு எப்படிக் கொல்கிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் முனையைத் தேர்ந்தெடுக்கும் கதை முழுவதும் அதில்தான் இருக்கிறது. துப்பாக்கித் தோட்டா தன் வேகத்தால் தசையைச் சிதைக்கும். அம்புக்கு அந்த வேகம் கிடையாது. அதற்குத் தெரிந்த ஒரே வேலை வெட்டுவது. கூரான தகடு இரண்டு நுரையீரலையும் ஊடுருவி மறுபக்கம் வெளியேறினால், இரத்தம் வேகமாக வடிந்து, நுரையீரல் சுருங்கி, விலங்கு சில விநாடிகளில் நினைவிழந்து விழுந்துவிடும். மொண்ணைத் தகடு என்றால் இரத்தக் குழாயை வெட்டாமல் ஒதுக்கித் தள்ளும். கிழிந்த இடம் சீக்கிரம் உறைந்து அடைத்துக்கொள்ளும். என் மனைவி சொன்ன அந்த மூன்று நாள் அலைச்சல் இப்படித்தான் தொடங்குகிறது.

பொறியாளன் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். என் வில்லின் இழுவிசை 50 பவுண்டு. என் அம்பு ஏறத்தாழ 40 கிராம். அது விநாடிக்கு சுமார் 50 மீட்டர் வேகத்தில் போகிறது. அப்படியானால் அதன் ஆற்றல் 50 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து காலில் விழுந்தால் எவ்வளவோ அவ்வளவு. வலிக்கும், அவ்வளவுதான். அந்த ஆற்றலை வைத்துக்கொண்டு 300 கிலோ விலங்கின் தோல், விலா, நுரையீரல், மறுபடி விலா, மறுபடி தோல் என்று கடந்து போக வேண்டும். கப்பி வைத்த நவீன வில்லுக்கு இதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் கிடைக்கும். அவர்களுக்குப் பொருந்துவதெல்லாம் எனக்குப் பொருந்தாது என்பது அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிட்டது.

இந்த இடத்தில் வல்வில் ஓரியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். பள்ளியில் படித்தபோது வியந்தேன். இப்போது அந்த வில்லின் இழுவிசை என்ன, அம்பின் எடை என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

கடைக்குப் போனால், பலகை முழுக்க முனைகள் தொங்குகின்றன. கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியது மடக்குத் தகடு வகை. பறக்கும்போது தகடுகள் மடங்கி ஒட்டியிருக்கும். உடம்பில் பட்டதும் விரியும். விரிந்தால் இரண்டு அங்குல அகலத்துக்கு வெட்டும். மடங்கியிருப்பதால் காற்று அதைத் திசைதிருப்பாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தகடு விரிவதற்கும் ஆற்றல் வேண்டும், அவ்வளவு அகலமான வெட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போவதற்கும் ஆற்றல் வேண்டும். நவீன வில் வைத்திருப்பவரிடம் அது இருக்கிறது. என்னிடம் இருப்பது ஓர் அரிசிப் பை. வேண்டாம் என்று பலகையில் மாட்டிவிட்டேன்.

அடுத்தது, உளிபோல் ஒரு முனை, அதற்குப் பின்னால் பிளேடு மாதிரி மாற்றக்கூடிய மெல்லிய தகடுகள். தேய்ந்தால் கழற்றிப் புதிதாக மாட்டலாம். தீட்டும் வேலை இல்லை. இதில் தோலில் முதலில் படுவது தகடு அல்ல, அந்த உளிமூக்கு. அது குத்தித் திறந்த பிறகே தகடு வெட்டத் தொடங்கும். வேகம் குறைந்த வில்லுக்கு முதல் தொடுதலிலேயே வெட்டும் முனைதான் நல்லது. இதையும் விட்டேன்.

மிஞ்சியது இரண்டு. மூன்று தகடுகளை ஒன்றாக இணைத்துச் செய்த முனை ஒன்று. பழைய பாணியில் ஒரே தட்டையான இரட்டைத் தகடு மற்றொன்று. பெரியவர் மூன்று தகட்டுக் கட்சி. “ஓட்டை பெரிதாக இருந்தால் இரத்தம் நன்றாகத் தரையில் விழும். விழுந்தால்தான் நீ அதைக் கண்டுபிடிப்பாய்” என்பது அவர் வாதம். அதைத் தீட்டுவதும் எளிது. இரண்டு தகடுகளை ஒரே நேரத்தில் கல்லின் மேல் படுக்கவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தானாக அமைந்துவிடும்.

நான் இரட்டைத் தகட்டுக் கட்சிக்குப் போனதற்குக் காரணம் எட் ஆஷ்பி. ஆப்பிரிக்காவில் பெரிய விலங்குகள்மீது அம்பு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்று பல ஆண்டுகள் அளந்து எழுதியவர். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருக்கும் ஒடுக்கமான முனை ஆழமாகப் போகும் என்பதும், அம்பின் எடை 650 கிரெய்ன் அளவைத் தாண்டும்போது கனமான எலும்பையும் உடைக்கும் வாய்ப்பு சட்டென்று கூடுகிறது என்பதும் அவர் முடிவுகள். வில்லாளிகள் இன்னும் கிரெய்ன் கணக்கில்தான் பேசுகிறார்கள். 15 கிரெய்ன் ஏறத்தாழ ஒரு கிராம். அந்த 3-க்கு 1 வடிவம் புதியது அல்ல. 1938-இல் வந்த ராபின் ஹூட் படத்துக்காக அம்பெய்த ஹோவர்ட் ஹில்லின் பெயரில் விற்கும் முனைகளும் அப்படித்தான் இருக்கும். ஃபிரெட் பேர் 1950-களில் நடுவழி ஒன்று கண்டார்: இரட்டைத் தகட்டின் நடுவே குறுக்காகச் செருகும் சின்ன பிளேடு. அதிலும் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

ஒருபக்கம் மட்டும் சரிவு வைத்துத் தீட்டிய இரட்டைத் தகடும் உண்டு. உடம்புக்குள் போகும்போது திருகாணிபோல் சுழலும். எலும்பில் பட்டால் பிளந்துகொண்டு போகும். சரிவு எந்தப் பக்கமோ அம்பின் இறகும் அந்தப் பக்கமாகவே சுழற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெளியே ஒரு திசை, உள்ளே எதிர்த்திசை என்று சண்டை போட்டு ஆற்றலைத் தின்னும். என் அம்புகளில் இருந்தது வலது இறகு. எனவே வலது சரிவு, 200 கிரெய்ன், அதாவது 13 கிராம். அகலம் கொலராடோ விதி கேட்கும் அளவுக்கு மேல்தான். முனை குறைந்தது 7/8 அங்குல அகலம், எஃகில் இரண்டு வெட்டு விளிம்பாவது வேண்டும், வில்லின் இழுவிசை 35 பவுண்டுக்குக் குறையக் கூடாது என்பது அங்கே சட்டம். 1949-இலோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.

வாங்கியாயிற்று. அதோடு முடிந்ததா? கடையில் வாங்கும் முனை கூராக இருக்கும் என்று யாரும் நம்ப வேண்டாம். பெரியவர் என் முதல் முனையை வாங்கி, முழங்கையின் முடியில் மெல்ல இழுத்துப் பார்த்துவிட்டு, “வெண்ணெய் வெட்டலாம்” என்று திருப்பிக் கொடுத்தார்.

தீட்டுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் பாட்டி முப்பது வருடம் பால்மரம் சீவியவர். விடிவதற்கு முன், மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து சீவுக்கத்தியைத் தீட்டும் சத்தத்தில்தான் நான் விழிப்பேன். கல்லில் தண்ணீர் தெளித்து, ஒரே கோணத்தில், அவசரமில்லாமல். கட்டை விரலால் விளிம்பைத் தடவிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மறுபடியும். “கத்தி மொண்ணையா இருந்தா மரத்துக்கு வலிக்கும்டா” என்பார். அது வெறும் பாசப் பேச்சு இல்லை. கூர் குறைந்த கத்தியை அழுத்த வேண்டியிருக்கும். அழுத்தினால் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிருள்ள படலம் காயப்படும். பட்டை மறுபடி சீராக வளராமல் முடிச்சு முடிச்சாகத் திரண்டுவிடும். அந்த மரத்தில் பிறகு ஒழுங்காகச் சீவ முடியாது. கங்காணி திட்டுவார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்காவில், கார் நிறுத்தும் கொட்டகையில், அதே வேலையைச் செய்தேன். சரிவின்மேல் மார்க்கர் பேனாவால் கறுப்பு பூசிக்கொள்வேன். கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தால் மை எங்கே அழிந்திருக்கிறது என்று தெரியும். கோணம் சரியா என்பதற்கு அதுவே சாட்சி. மறுபக்கத்தில் மெல்லிய பிசிர் எழும்பும்வரை தேய்க்க வேண்டும். பிறகு நயமான கல்லில் பிசிரை எடுத்து, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டில் இழுக்க வேண்டும். முடியை மழித்தால் மட்டும் போதாது என்பார் பெரியவர். ரப்பர் பேண்டைத் தளர்வாக இழுத்துப் பிடித்து அதன்மேல் விளிம்பை வைப்பார். அழுத்தாமல், வைத்த மாத்திரத்தில் அறுந்தால் தேர்ச்சி. உடம்புக்குள் இரத்தக் குழாயும் அப்படி நெகிழ்ந்து கொடுக்கும் பொருள்தானே? ஒரு முனைக்கு எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. ஆறு முனைகள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அறுந்த ரப்பர் பேண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அம்புமுனை எதுவானாலும், பயிற்சிக்குப் பயன்படுத்தும் உருண்டை முனைபோல் அது பறக்காது. முன்னால் இரண்டு தகடுகள் இருந்தால் அவையும் இறக்கைபோல் காற்றைப் பிடிக்கும். நாணிலிருந்து அம்பு நேராகப் புறப்படாவிட்டால் பின்னால் இருக்கும் இறகும் முன்னால் இருக்கும் தகடும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். இதைச் சரிசெய்ய நாண் கட்டை அரை மில்லிமீட்டர் கணக்கில் ஏற்றி இறக்கி ஒரு மாதம் போனது. அதைப் பற்றி எழுதினால் நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.

தூரம் முக்கியம். பேப்பர் தட்டு ஒன்றை மாட்டி, காலையில் படுக்கையிலிருந்து எழுந்து வந்து எய்யும் முதல் அம்பு மட்டுமே கணக்கு என்று வைத்துக்கொண்டோம். கை சூடேறிய பிறகு விடும் இருபதாவது அம்பு காட்டில் யாருக்கு உதவும்? 18 மீட்டரில் என் முதல் அம்பு தினமும் தட்டில் விழுந்தது. 25 மீட்டரில் சில நாள் விழவில்லை. எனவே 18 மீட்டர்தான் எல்லை. அந்த எண்ணை மனைவியிடம் சொன்னேன். சமையலறைக் காலண்டரில் செப்டம்பர் பக்கத்தில் “18” என்று எழுதி வட்டம் போட்டார்.

மலையில் ஐந்து நாள் இருந்தோம். கிட்டத்தட்ட 3,000 மீட்டர் உயரம். ஆஸ்பென் இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருந்தன. மூச்சு வாங்கியது, இரவில் தண்ணீர்ப் புட்டி உறைந்தது. இரண்டாம் நாள் மழை. என் முனைகள் துருப்பிடிக்கும் எஃகு என்பதால் கூடாரத்தில் ஒவ்வொன்றுக்கும் வாசலின் தடவி வைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, பெரியவர் பின்னால் இருந்து பெண் மானின் குரலை ஊத, ஓர் ஆண் எல்க் மரங்களுக்கிடையே இறங்கி வந்தது. பன்னிரண்டு மீட்டர். அதன் மூச்சில் எழுந்த ஆவி தெரிந்தது. மூத்திர வாடை அடித்தது. நேருக்கு நேர் என்னைப் பார்த்து நின்றது. வில்லை இழுத்திருந்தேன். நெஞ்சுக்கு நேரே அம்பு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்புறம் மார்பெலும்பு, இரண்டு பக்கமும் தோள் எலும்பு; நடுவே உள்ள வழி மிகச் சிறியது. 13 கிராம் எஃகும் ஆஷ்பியின் அத்தனை அளவீடுகளும் சேர்ந்தாலும் என் 50 பவுண்டு வில்லுக்கு அந்தக் கோணம் சரிவராது. அது பக்கவாட்டில் திரும்பும் என்று காத்திருந்தேன். கை நடுங்கத் தொடங்கியது. காற்று மாறி என் பிடரியில் பட்டது. அது ஒரே துள்ளலில் போய்விட்டது. நாணை மெதுவாக இறக்கினேன். பெரியவர் வந்து, எதுவும் கேட்காமல், தோளில் ஒரு தட்டு தட்டினார்.

நான்காம் நாள் மாலை அவருக்கு வாய்த்தது. பதினான்கு மீட்டரில் ஒரு பெண் எல்க், பக்கவாட்டில், முன்கால் ஓரடி முன்னே வைத்த நிலை. எங்கள் அனுமதிச் சீட்டில் ஆண், பெண் இரண்டுக்கும் இடமுண்டு. நாண் அதிர்ந்த சத்தம் கேட்டது. அம்பு மறுபக்கம் வெளியேறி மண்ணில் குத்தி நின்றது. மான் பத்துப் பன்னிரண்டு பாய்ச்சல் ஓடியது, நின்றது, ஆடியது, விழுந்தது. அப்படியும் அவர் அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவசரப்பட்டுப் போனால், உயிர் மிச்சமிருக்கும் விலங்கு எழுந்து ஓடும். அம்பில் இருந்தது இளஞ்சிவப்பு நுரை இரத்தம். நுரையீரலின் அடையாளம் அது. அவருடையது மூன்று தகடு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. தரையில் இரத்தத் தடம், அவர் சொன்னதுபோலவே, பெயிண்ட் கொட்டியது மாதிரி கிடந்தது. ஒரு தகட்டில் விலா எலும்பு பட்ட சிறு பிசகு தெரிந்தது. என் கட்சிக்கு ஆதரவாக எனக்குக் கிடைத்தது அந்தப் பிசகு மட்டும்தான்.

உண்ணக்கூடிய இறைச்சியை வீணாக்குவது அங்கே குற்றம். நான்கு கால்கள், முதுகுத் தசை, உள்தசை எல்லாவற்றையும் தலைவிளக்கு வெளிச்சத்தில் அறுத்துப் பைகளில் கட்டினோம். முதுகில் சுமந்து வண்டிக்கும் அந்த இடத்துக்கும் நான்கு நடை. எலும்பு நீக்கியபின் எழுபது கிலோவுக்கு மேல் தேறியது. அவர் பாதியை எனக்குக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் தூங்கிவிட்டாள். மனைவி பைகளை ஃபிரீசரில் அடுக்கிக்கொண்டே கேட்டார்:

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“பத்து விநாடி இருக்கும்.”

தலையசைத்தார். இன்னும் இரண்டு பைகளை வைத்தார். பிறகு திரும்பாமலே, “கன்னுக்குட்டி இருந்துச்சா?” என்றார்.

மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கும் குட்டிகள் செப்டம்பரில் புல் மேய்ந்து கூட்டத்தோடு திரியும். தாய் இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும் என்று பெரியவர் மலையிலேயே எனக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

“கூட்டத்துல ரெண்டு மூணு இருந்துச்சு,” என்றேன். “எது யாரோடதுன்னு தெரியல.”

அவர் ஃபிரீசரை மூடிவிட்டு, ஒரு பொட்டலத்தை மட்டும் வெளியே வைத்தார். அலமாரியைத் திறந்து மிளகு டப்பாவை எடுத்தார். பக்கத்தில் இருந்த என் டப்பாவை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தார்.